பட்டமும் கடனும்

சட்டப் புத்தகங்களைப் புரட்டியவர்களுக்குச் சிவகிரி என்னும் பெயர் புதிதன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள அந்த ஜமீன், 1882-ஆம் ஆண்டில் லண்டன் பிரிவி கவுன்ஸில் அளித்த தீர்ப்பொன்றினால் தேசமெங்கும் வக்கீல்களுக்குத் தெரிந்த பெயராயிற்று. முத்தையன் செட்டி என்பவருக்கும் சிவகிரி ஜமீன்தார் சங்கிலி வீரபாண்டிய சின்னத்தம்பியாருக்கும் நடந்த வழக்கு அது. தந்தை பட்ட கடன் ஒழுக்கக்கேடான காரியத்துக்காக வாங்கப்பட்டதன்று எனில், மகன் கைக்கு வந்து சேர்ந்த ஜமீன் சொத்து அக்கடனுக்குப் பொறுப்பாகும் என்று தீர்ப்பாயிற்று. பிதாவின் கடனைத் தீர்ப்பது மைந்தனின் தர்மம் என்ற பழைய சாஸ்திரக் கொள்கையே இதற்கு ஆதாரம். 2005-ஆம் ஆண்டில் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோதுதான், அதன் பின் ஏற்படும் கடன்களுக்கு இக்கொள்கை செல்லாது என்று ஆயிற்று.

இன்று அதே சிவகிரியில் கடன் எதிர்த்திசையில் நடக்கின்றது. மகனின் கடனுக்குத் தந்தை கையெழுத்திடுகின்றார். வங்கியின் கல்விக் கடன் பத்திரத்தில் மாணவனோடு பெற்றோரும் கூட்டுக் கடனாளிகள். படிக்கும் காலத்திலும் அதன் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டுவதில்லை என்பது மெய்யே. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டிருக்கும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மத்திய சர்க்கார் வட்டி மானியம் தருகின்றது. அதுவும் குறிப்பிட்ட படிப்புகளுக்கும் கல்லூரிகளுக்குமே உரியது. வங்கி கொடுத்தது போதாதபோது தாயாரின் நகை அடகுக் கடைக்குப் போகின்றது. 2016-ல் பாரத ஸ்டேட் வங்கி, வசூலாகாத கல்விக் கடன்களில் ஒரு பகுதியை ரிலையன்ஸ் சொத்து மறுசீரமைப்புக் கம்பெனிக்கு விற்றதைத் தமிழ்நாடு மறந்திராது. கடன் கைமாறிற்றேயன்றிக் கடனாளி மாறவில்லை.

செலவு இவ்வாறு குடும்பத்தின் தலையில் நிற்க, வரவு எவருக்கு உரியது? இதற்கும் சட்டத்தில் ஒரு சரித்திரம் உண்டு. கூட்டுக் குடும்பத்தின் பணத்தில் விசேஷக் கல்வி பெற்றவன் சம்பாதிப்பதெல்லாம் குடும்பச் சொத்தே என்று முன்னர் கொள்ளப்பட்டது. குடும்பச் செலவில் படித்து ஐ.சி.எஸ். உத்தியோகம் பெற்ற ஒருவரின் சம்பாத்தியத்தைப் பற்றி, கோகல் சந்த் வழக்கில் 1921-ல் பிரிவி கவுன்ஸில் அப்படியே தீர்ப்பளித்தது. இதை மாற்ற எம். ஆர். ஜெயகர் கொண்டுவந்த மசோதா 1930-ல் கல்வி ஆதாயச் சட்டம் ஆயிற்று. அன்று முதல் படித்தவனின் சம்பாத்தியம் படித்தவனுக்கே சொந்தம். அச்சட்டம் நியாயமானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஒருவன் தன் அறிவினால் ஈட்டியதில் ஒன்றும் செய்யாத பங்காளிகள் பாகம் கேட்பது தகாது. எனினும் இரண்டையும் சேர்த்து நோக்கினால் விளைவு விநோதமாயிருக்கின்றது. லாபம் வந்தால் ஒருவனுக்கு. நஷ்டம் வந்தால் வீடு முழுவதற்கும். ஆதலால் ஒரு பட்டம் கொடுத்த விலைக்குத் தகுமா என்பது மாணவனின் கேள்வி மட்டுமன்று. கையெழுத்திடும் தந்தையின் கேள்வியுமாகும்.

பட்டமே வீண் என்று மேடையில் முழங்குவோர் சிலர் உளர். அவர்களிற் பெரும்பாலோர் பட்டதாரிகள். தம் மக்களையும் பட்டத்துக்கே அனுப்புவோர். அவர்களோடு நாம் சேரமாட்டோம். பட்டமின்றி முன்னேறும் வழிகள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டுவிட்டன. வ. உ. சிதம்பரம் பிள்ளை எந்தச் சர்வகலாசாலையின் பட்டமும் பெறாமல், பிளீடர் பரீட்சையில் தேறி ஒட்டப்பிடாரத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார். 1961-ஆம் வருஷத்து வழக்கறிஞர் சட்டத்துக்குப் பின் அந்த வழி எவருக்கும் இல்லை. வங்கி உத்தியோகத்துக்கும் இன்னும் பல சர்க்கார் பரீட்சைகளுக்கும், ஏதேனும் ஒரு பட்டமில்லாவிடில் மனுப் போடவும் இயலாது. 2021-22 கணக்குப்படி உயர்கல்வியில் சேர்ந்தோர் விகிதம் தமிழ்நாட்டில் 47. இந்தியா முழுவதற்கும் 28.4. உழவர் வீட்டுப் பெண்களும் கல்லூரி வாசலை மிதித்ததனால் வந்த உயர்வு இது. இதைக் குறைகூற நமக்கு மனமில்லை.

நிற்க. நமது விவகாரம் பிரவேச யோக்யதையைப் பற்றியது. மாணவனை நாம் எத்தனை விதமாகச் சோதிக்கின்றோம்! பொறியியலுக்கு 1984-ல் நுழைவுத் தேர்வு வைத்தோம். 2006-ல் இயற்றிய சட்டத்தால் அதை நீக்கினோம். இப்போது கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கும் ரசாயனத்துக்கும் 50 வீதம் ஆக 200 என்று கட்-ஆப் கணக்கிட்டு, அரை மதிப்பெண்ணில் ஒருவனை ஆயிரம் பேருக்குப் பின்னால் தள்ளுகின்றோம். வைத்தியக் கல்விக்கு 2017 முதல் நீட் வந்தது. அதன் துயரங்களைத் திரும்பச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் அந்த வரிசையின் கடைக்கோடியில் வாசற்படி மிகவும் தாழ்ந்திருக்கின்றது. பொதுப் பிரிவினர் நூற்றுக்கு 45-உம் ஏனையோர் 40-உம் பெற்றிருந்தால் பொறியியலில் சேரலாம். படி தாழ்ந்திருப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கின்றது என்பதே கேள்வி.

ஏனெனில் கல்லூரிக்கு அத்தகைய சோதனை இருப்பதாகத் தோன்றவில்லை. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு கணக்கை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழுள்ள 224 பொறியியற் கல்லூரிகளில், 353 ஆசிரியர்கள் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் வேலை செய்வதாகக் காட்டப்பட்டிருந்தனர். முறைகேடு நடந்ததைத் துணைவேந்தரும் மறுக்கவில்லை. மாணவன் இரண்டு மதிப்பெண் குறைந்தால் வாசலில் நிறுத்தப்படுகின்றான். ஆசிரியரில்லாத கல்லூரியோ அங்கீகாரம் பெற்று, கட்டணமும் பெறுகின்றது. 2017-ல் கட்டணக் குழு நிர்ணயித்தபடி தனியார் பொறியியற் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000. விடுதியும் பஸ்ஸும் இதில் சேரா.

இப்படிப் பெற்ற பட்டம் சந்தையில் என்ன விலை போகின்றது? 2022-ல் நான்காம் தொகுதிப் பரீட்சையில் 7,301 இடங்களுக்குச் சுமார் 22 லட்சம் பேர் மனுச் செய்தனர். பத்தாம் வகுப்புத் தேறினால் போதுமான உத்தியோகங்கள் அவை. பட்டதாரிகளும் அந்த வரிசையில் நின்றார்கள் என்பது எல்லோரும் அறிந்ததே.

எல்லாப் பட்டமும் ஒரு விலையல்ல என்பதை முதலில் உணர வேண்டும். 6-ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, 2021 முதல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் உண்டு. கட்டணத்தையும் விடுதிச் செலவையும் சர்க்காரே ஏற்கின்றது. இந்த இடம் கிட்டியவன் தயங்க வேண்டுவதில்லை. குடும்பத்தில் முதற் பட்டதாரிக்கு ஆண்டுதோறும் 25,000 ரூபாய் சலுகையுண்டு. ஆனால் அது ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே, அதுவும் கலந்தாய்வின் வழியாகச் சேர்ந்தவருக்கே. அரசுக் கலைக் கல்லூரியிலும் உதவி பெறும் கல்லூரியிலும் செலவு சில ஆயிரங்களில் அடங்கும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதலும் ஆண்களுக்கு 2024 முதலும் மாதம் ஆயிரம் ரூபாய் உதவி வந்திருக்கின்றது. குற்றாலம் பராசக்தி கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்து, அதன் பின் போட்டிப் பரீட்சைக்குத் தயாராகும் பெண் நஷ்டப்பட்டால் அவளுடைய மூன்று வருஷத்தோடு போகும். பெயர் தெரியாத கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவன் நஷ்டப்பட்டால் ஒரு ஏக்கர் நஞ்சை போகும்.

சர்க்காரிடம் நாம் கேட்பது பெரிதன்று. கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பல்கலைக்கழகம் வெளியிட்டே வருகின்றது. அதைத் தேடிப் படித்துப் பொருள் கொள்ள அடிவாரத்து விவசாயியால் இயலாது. கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் அதே பக்கத்தில், ஒவ்வொரு பெயருக்கும் நேராக, சேர்ந்தவர் எத்தனை பேர், நான்காண்டில் தேறியவர் எத்தனை பேர், வேலைக்குப் போனவர் எத்தனை பேர், என்ன சம்பளம் என்று தமிழில் அச்சாகட்டும். பொய்க் கணக்குக் கொடுத்த கல்லூரி, வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கட்டும். வங்கியும் அக்கணக்கைப் பார்த்த பின்னரே கடன் பத்திரத்தை நீட்டட்டும்.

அது வரும் வரையில் பெற்றோர் ஒன்று செய்யலாம். பிளஸ் டூ முடிவு வெளிவருமுன்னரே முன்பணம் வாங்கி இடம் பிடித்துத் தருவதாக வரும் தரகர்களிடம் ஒரு ரூபாயும் கொடாதிருக்க வேண்டும். சிவகிரி தாலுகா ஆபீஸில் முதற் பட்டதாரிச் சான்றிதழுக்கு மனுச் செய்வதே முதற் காரியம். 2018 முதல் கலந்தாய்வு இணையவழியிலேயே நடப்பதால் சென்னைக்குப் பயணம் போகும் செலவும் இல்லை.