சாஃப்ட்வேர் மாறுங்க... பாதியில மாறாதீங்க!

திருச்சி, துறையூர், நாமக்கல் பக்கம் காலேஜ் படிக்கிறவங்களுக்கு புளியஞ்சோலையை அறிமுகப்படுத்தினா அடிக்க வருவாங்க. கொல்லிமலை அடிவாரம். மலைமேல ஆகாய கங்கையா விழுற அய்யாறு, இங்கே பாறை இடுக்குல சலசலன்னு ஓடும். சுத்திலும் பச்சை. விஸ்காம் பசங்களோட குறும்படத்துக்கு இதைவிட என்ன லொகேஷன் வேணும்? காதல் படமா, பேய்ப் படமா... ரெண்டுக்கும் பொருந்தும். (சில படங்கள்ல ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாதுங்கிறது வேற மேட்டர்!)

ஷூட்டிங் ஜாலியா முடிஞ்சுடும். ஊர் திரும்பி கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்த பிறகுதான் தலைவலியே. பிரீமியர்ல டைம்லைன் திக்கித் திணறும். ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்தா, மூணாவது நாள் ஸ்கிரீன் அப்படியே உறைஞ்சு நிக்கும். அப்போ ஹாஸ்டல்ல ஒரு ஞானி உதிப்பார். "மச்சி, பேசாம ரிசால்வுக்கு மாறிடு. ஃப்ரீ வேற. கிராஷே ஆகாதுடா!" நம்பி மாறினா, அங்கேயும் அதே கதை. இப்போ கூடுதலா டைட்டிலைக் காணோம், பாட்டு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம்!

குற்றவாளி பாதி நேரம் சாஃப்ட்வேரே இல்லை பாஸ். நாம எடுத்துட்டு வந்த அருவிதான்.

கேமராவும் செல்போனும் ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுசா சேமிக்கிறது இல்லை. ஹெச்.264, ஹெச்.265 மாதிரி முறைகள்ல ஒரு ஃப்ரேமை முழுசா வெச்சுக்கும். அடுத்து வர்ற ஃப்ரேம்கள்ல என்ன மாறுச்சோ அதை மட்டும் குறிச்சுக்கும். சுவர் முன்னாடி ஒருத்தர் உட்கார்ந்து பேசினா மாறுறது கொஞ்சம்தான். அய்யாத்துத் தண்ணியும் காத்துல ஆடுற இலையும் அப்படியா? ஒவ்வொரு ஃப்ரேம்லயும் எல்லாப் புள்ளியும் மாறுது. 4கே-ன்னா ஒரு ஃப்ரேமுக்கு சுமார் 83 லட்சம் புள்ளிகள். நீங்க டைம்லைன்ல மவுஸைப் பின்னாடி இழுத்தா, சாஃப்ட்வேர் முந்தின முழு ஃப்ரேமைத் தேடிப் போய், அங்கிருந்து கணக்குப் போட்டுக்கிட்டே வரணும். எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் இந்தக் கணக்கில இருந்து தப்பிக்க முடியாது. உங்க லேப்டாப் முக்குறது இதுக்குத்தான்.

செல்போன் இன்னொரு வேலையும் பண்ணும். விநாடிக்கு 30 ஃப்ரேம்னு சொல்லிட்டு, வெளிச்சம் குறைஞ்சா 29 சொச்சத்துக்கு இறங்கும், அப்புறம் ஏறும். மரநிழல்ல இருந்து வெயிலுக்கு நடந்து வர்ற ஷாட்டை நினைச்சுப் பாருங்க. இந்த ஏற்ற இறக்கத்தை ஒரு சாஃப்ட்வேர் ஒரு மாதிரி புரிஞ்சுக்கும், இன்னொண்ணு வேற மாதிரி. பழைய இடத்துல சரியா இருந்த உதட்டசைவு புது இடத்துல நழுவுறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். 24-க்கும் 23.976-க்கும் இடையில இருக்குற துளியூண்டு வித்தியாசமே பத்து நிமிஷத்துல 14 ஃப்ரேம் தள்ளிப் போகும். அரை விநாடிக்கும் மேல!

சரி, மாறும்போது என்னதான் நடக்குது? ஒரு சாஃப்ட்வேரோட புராஜெக்ட் ஃபைலை இன்னொண்ணு நேரடியாப் படிக்கிறது அபூர்வம். நடுவுல ஒரு தூது போகணும். அதுல கிழவர் இ.டி.எல். டேப் காலத்து ஆள். ஒரே ஒரு வீடியோ டிராக்கைத்தான் சுமப்பார். எக்ஸ்.எம்.எல்., ஏ.ஏ.எஃப். ரெண்டும் கொஞ்சம் விவரமானவங்க. எந்த ஷாட் எங்கே வெட்டினோம், எங்கே டிஸால்வ், எவ்வளவு பெரிசாக்கினோம்ங்கிற வரைக்கும் பொதுவாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பாங்க. பிளக்-இன் எஃபெக்ட், டைட்டில் டிசைன், பார்த்துப் பார்த்துப் பண்ணின கலர்... பெரும்பாலும் வழியிலேயே விழுந்துடும். ஒரே சாஃப்ட்வேருக்குள்ளேயே கூட சிக்கல் உண்டு. புது பிரீமியர்ல சேவ் பண்ணின புராஜெக்டைப் பழைய பிரீமியர் திறக்காது. லேப்ல ஒரு வெர்ஷன், ரூம்ல ஒரு வெர்ஷன்னா கதை கந்தல்.

இது ஸ்டூடண்ட் பிரச்னை மட்டும்னு நினைக்காதீங்க. 2011 ஜூன்ல உலகமே இதுல மாட்டிக்கிச்சு. ஆப்பிள் 'ஃபைனல் கட் புரோ எக்ஸ்'னு புத்தம் புதுசா ஒண்ணை இறக்குச்சு. பழைய ஃபைனல் கட் 7-ல பண்ணின புராஜெக்டை அது திறக்கவே இல்லை! மல்டிகேம் இல்லை, எக்ஸ்.எம்.எல். இல்லை. அதே சமயம் பழைய வெர்ஷன் விற்பனையையும் நிறுத்திட்டாங்க. எடிட்டர்கள் கொதிச்சுப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டாங்க. அமெரிக்க டி.வி. ஷோவுல கானன் ஓ'பிரையன் டீம் கலாய்ச்சுத் தள்ளுச்சு. அடோபும் அவிடும் 'நம்ம கடைக்கு வாங்க'ன்னு தள்ளுபடி போட்டு ஆள் பிடிச்சாங்க. எக்ஸ்.எம்.எல். அந்த செப்டம்பர்ல வந்துச்சு. மல்டிகேம் வர 2012 ஜனவரி ஆச்சு. ஆனா அதுக்குள்ள நிறைய பேர் வீட்டைக் காலி பண்ணிட்டாங்க.

இந்தக் களேபரத்துல நகராம உட்கார்ந்திருந்த ஒருத்தர் கொரிய எடிட்டர் யாங் ஜின்மோ. 2020-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கின 'பாரசைட்'டை அவர் வெட்டினது எதுல தெரியுமா? 2011-லேயே கடையில இருந்து தூக்கின அதே ஃபைனல் கட் 7-ல! எடிட்டிங்குக்கு ஆஸ்கர் நாமினேஷனும் கிடைச்சது. பழசுதான், ஆனா கை பழகின பழசு. (புது மேக் ஓ.எஸ். எதுலயும் அது ஓடாது. ஸோ, ஆசைப்பட்டுத் தேடி அலையாதீங்க.)

எதிர்ப்பக்கம் வால்டர் மர்ச். மனுஷர் மாறிக்கிட்டே இருப்பார். 'தி இங்கிலீஷ் பேஷண்ட்'டை ஃபிலிம்ல வெட்ட ஆரம்பிச்சு, நடுவழியில அவிடுக்கு மாறி, எடிட்டிங் ஆஸ்கரும் வாங்கினார். 2003-ல வந்த 'கோல்ட் மவுண்டன்' படத்தை, பெரிய ஸ்டூடியோக்கள் சீண்டாத ஃபைனல் கட்ல வெட்டினார். ஆனா அது கிராஷ் ஆன கோபத்துல எடுத்த முடிவு இல்லை. படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே யோசிச்சு, பக்கத்துல டெக்னிக்கல் டீமை வெச்சுக்கிட்டு எடுத்த முடிவு. நம்மகிட்ட இருக்குற டெக்னிக்கல் டீம், மேலே சொன்ன ஹாஸ்டல் ஞானி ஒருத்தர்தான்!

ஆகவே, அடுத்த தடவை புளியஞ்சோலை ஃபுட்டேஜ் திணறினா, முதல்ல பிராக்ஸி போடுங்க. அதாவது எடிட் பண்றதுக்கு மட்டும் லேசான நகல். புரோரெஸ், டி.என்.எக்ஸ். மாதிரி வகைகள்ல ஒவ்வொரு ஃப்ரேமும் முழுசா இருக்கும். பக்கத்து ஃப்ரேமைத் தேடி அலைய வேண்டாம். இடம் மட்டும் கொஞ்சம் கேட்கும். ஃபுல் ஹெச்.டி.யில விநாடிக்கு 25 ஃப்ரேம்னா, புரோரெஸ் பிராக்ஸி ஒரு மணி நேரத்துக்கு சுமார் 17 ஜி.பி.; சாதா புரோரெஸ் 422-ன்னா 55 ஜி.பி. செல்போன்ல எடுத்ததை மட்டும், எடிட்டிங்கைத் தொடங்குறதுக்கு முன்னாடியே நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாத்திடுங்க. 'ஹேண்ட்பிரேக்'னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அது போதும். இதைப் பண்ணினாலே பாதிப் பேருக்கு சாஃப்ட்வேர் மாறுற எண்ணமே போயிடும்.

அப்புறமும் மாறித்தான் ஆகணுமா? கலர் பண்ண ரிசால்வுக்குப் போறது நியாயமான காரணம்தான். எடிட்டை முழுசா முடிச்சுப் பூட்டுங்க. எஃபெக்ட்டும் டைட்டிலும் இல்லாத ஒரு டைம்லைன் நகல் எடுத்து, எல்லா ஷாட்டையும் முடிஞ்ச வரைக்கும் ஒரே டிராக்குக்கு இறக்கி, எக்ஸ்.எம்.எல். எடுங்க. கூடவே பழைய சாஃப்ட்வேர்ல இருந்து முழுப் படத்தையும் ஒரே வீடியோவா ரெண்டர் பண்ணிக்குங்க. புது இடத்துல ஃப்ரேம் வேகத்தை முதல்ல செட் பண்ணிட்டு, அப்புறம்தான் ஒரு கிளிப்பையாவது உள்ளே விடணும். அந்த ரெஃபரன்ஸ் வீடியோவை மேல் டிராக்ல பாதி மங்கலா வெச்சு ஓட்டினா, நழுவின ஷாட் எல்லாம் பேய் மாதிரி ரெட்டையாத் தெரியும். ரிசால்வ் விஷயத்துல ஒரு எச்சரிக்கை: லினக்ஸ்ல ஓடுற இலவச வெர்ஷன் ஹெச்.264 ஃபைலைப் படிக்காது. "ஃபுட்டேஜே வரலைடா"ன்னு லேப் அசிஸ்டென்ட் அண்ணனைத் திட்டாதீங்க.

பழைய சாஃப்ட்வேரை மட்டும், படம் போட்டிக்குப் போய்ச் சேர்ந்து, "கிடைச்சது"ன்னு மெயில் வர்ற வரைக்கும் அன்-இன்ஸ்டால் பண்ணிடாதீங்க மக்களே. கடைசி நேரத்துல ஹெச்.ஓ.டி. சார் "டைட்டில்ல என் இனிஷியல் தப்பா இருக்கே"ம்பார்!