கருவண்டும் செவ்வண்டும்

தென்னந்தோட்டத்திற் பட்டுப்போன மரமொன்றைக் கண்டால், "வண்டடித்துவிட்டது" என்று கூறி அமைகின்றோம். எந்த வண்டு என்ற வினா பெரும்பாலும் எழுவதில்லை. அயலில் நிற்கும் மரங்களைக் காப்பதற்கோ அவ்வினாவே முதன்மையானது.

கருவண்டு எனப்படும் காண்டாமிருக வண்டு தலையிற் கொம்புடையது. ஆணின் கொம்பு பெண்ணினதிலும் நீண்டது. இதன் குடம்பி உயிருள்ள மரத்தைத் தீண்டுவதில்லை. எருக்குவியல், உக்கிய தென்னங்குற்றி, மரத்தூள் ஆகியவற்றினுள் வளைந்து கிடந்து, உக்கலை உண்டு சில மாதங்களைக் கழிக்கின்றது. தீங்கு செய்வது நிறையுடலியே. அது இரவிற் பறந்து வந்து, விரியாத குருத்தைத் துளைத்துச் சாற்றை உண்ணும். பின்னர் விரியும் ஓலைகள் கத்தரியால் வெட்டியனபோற் காட்சியளிக்கும். வளர்ந்த மரம் இதனாற் பெரும்பாலும் இறப்பதில்லை. வளர்முனை தாக்கப்பட்ட கன்று இறந்துவிடும்.

செவ்வண்டின் வாழ்க்கை இதற்கு நேர்மாறானது. நீண்ட மூஞ்சியுடைய இது கூன்வண்டினத்தைச் சேர்ந்தது. இளமரங்களையே மிகுதியாக நாடும். பெண்வண்டு மரத்தின் காயங்களில் முட்டையிடும். காலற்ற குடம்பிகள் உயிருள்ள தண்டின் மென்மையான உட்பகுதியைக் குடைந்துண்டு, நாரினாற் கூடுகட்டி உருமாறுகின்றன. வெளியே மரம் பசுமையாகவே நிற்கும். தண்டிற் கபிலநிறச் சாறு வடிதலும், காதை வைத்துக் கேட்டால் உள்ளே கொறிக்கும் ஓசையும் அடையாளங்களாம். (காது வைத்துப் பார்க்கும் முறையை நகைப்பதற்கில்லை, இன்றைய ஒலியுணர் கருவிகளும் இதே தத்துவத்தையே கையாளுகின்றன.) முடி சாயும்போது காலம் கடந்துவிடும்.

இவ்விரண்டுக்குமிடையே உறவொன்றும் உண்டு. கருவண்டு துளைத்த காயம் செவ்வண்டுக்கு வாயிலாகின்றது. எனவே, எருக்குழியைக் கவனியாது தண்டுக்கு மட்டும் மருந்திடுதல் அரைவேலையே என்பது எமது கருத்து.

இரண்டும் கடல் கடந்தன. செவ்வண்டு 1980களில் வளைகுடா நாடுகளை அடைந்து பேரீச்ச மரங்களை அழிக்கலாயிற்று. கருவண்டோ 1909இல் இலங்கையிலிருந்து இறப்பர்க் கன்றுகளோடு சமோவாவுக்குச் சென்றது. அங்கே அதனைப் பெரிதும் அடக்கியது நஞ்சன்று. மலேசியாவிற் கண்டறியப்பட்டு 1967இல் சமோவாவில் விடப்பட்ட வைரசாகும்.

செவ்வண்டைத் தடுப்பதற்குக் காயங்களைத் தவிர்த்தலே முதல்வழி. பச்சை மட்டையை வெட்ட நேரின், தண்டை ஒட்டாது ஒரு மீற்றரளவு விட்டு வெட்டுதல் நன்று. காப்பாற்ற இயலாத மரத்தைத் தறித்துப் பிளந்து எரித்துவிடல் வேண்டும். அவ்வாறன்றிக் குற்றியைக் கிடக்கவிட்டால், உள்ளிருக்கும் செவ்வண்டுகள் வெளியேறிய பின்னர், உக்கும் அதே குற்றியிற் கருவண்டு வந்து முட்டையிடும்.