காத்திருக்க முடிந்தவருக்கே விலை

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ள ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஒரே வடகிழக்குப் பருவமழையை நம்பி, ஒரே மலையிலிருந்து இறங்கும் ஓடைகளைக் கண்மாய்களில் தேக்கி வெள்ளாமை செய்து வந்த ஊர்கள். எனினும் இன்று ஒன்று நூற்பாலைகளாலும் மற்றொன்று ஆண்டாள் கோவிலாலும் பால்கோவாவாலும் அறியப்படுகின்றன. ஒரு வட்டாரத்தில் செல்வம் எங்கே உண்டாகிறது, அது எவர் கையில் தங்குகிறது என்ற கேள்வியைக் கோட்பாட்டோடு நிறுத்திவிடாமல் களத்துக் கணக்குகளில் உரசிப் பார்ப்பதே பயன்முறைப் பொருளியல் எனப்படும். அந்த நோக்கில் இவ்விரு ஊர்களின் பருத்தியையும் பாலையும் காற்றையும் கடனையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, ஒரு பொருளை விளைவிப்பவருக்கும் அதனால் பயன்பெறுபவருக்கும் இடையே நிற்கும் பெரிய வேறுபாடு உழைப்பிலோ அறிவிலோ இல்லை என்பதும், விலை வரும்வரை காத்திருக்கும் ஆற்றலில்தான் அது இருக்கிறது என்பதும் தெளிவாகின்றன.

இப்பகுதிக்கு அத்தகைய ஆராய்ச்சி புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியராக 1915-இல் பொறுப்பேற்ற கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி நிலம், பயிர், கிணறு, கால்நடை, கடன் ஆகியவற்றைக் கணக்கெடுக்கச் செய்து, 1918-இல் நூலாக வெளியிட்டார். அவர் தேர்ந்த ஊர்களுள் ஒன்று அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்ததும், இன்று விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசிக்கு அருகே உள்ளதுமான வடமலாபுரம். பி.ஜே. தாமஸும் கே.சி. இராமகிருஷ்ணனும் 1930-களில் அதே ஊருக்குத் திரும்பிச் சென்று மறு ஆய்வு செய்தனர். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் வெங்கடேஷ் ஆத்ரேயா 1980-களில் மீண்டும் ஆராய்ந்தார். ஒரே ஊரை ஒரு தலைமுறைக்கு ஒருமுறை எண்ணிப் பார்க்கும் இந்த முறையின் அருமை, ஓராண்டு மழையாலோ ஓராண்டு விலையாலோ ஏமாறாமல் நெடுங்கால மாற்றத்தைக் காட்டுவதில் உள்ளது. இப்படிப் பலமுறை கணக்கெடுக்கப்பட்ட ஊர் தம் மாவட்டத்தில் இருப்பதே இங்குள்ள பலருக்குத் தெரியாது என்பது வருந்தத்தக்கது.

பருத்தியிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இயங்குகிறது. அங்கு உருவான எஸ்.வி.பி.ஆர். வரிசை இரகங்களில் எஸ்.வி.பி.ஆர். 2, எஸ்.வி.பி.ஆர். 4 போன்றவை கோடை இறவைக்கு ஏற்றவையாகப் பரிந்துரைக்கப்பட்டன. ராஜபாளையத்தில் பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதைத் தொடர்ந்து ஊரைச் சுற்றி ஆலைகள் பெருகின. விதையை ஆக்கும் நிலையம் ஓர் ஊரிலும் பஞ்சை நூலாக்கும் ஆலை அடுத்த ஊரிலும் இருக்க, இடையில் கரிசலும் கிணறும் இருக்கும் இந்த அமைப்பு பருத்தி விவசாயிக்குப் பொற்காலத்தைத் தந்திருக்க வேண்டும் என்று தோன்றும். நடந்தது வேறு. நாட்டின் நூற்புக் கதிர்களில் பாதியை நெருங்கும் பங்கு தமிழ்நாட்டில் இருந்தாலும், அவற்றுக்கு வேண்டிய பருத்தியில் பத்தில் ஒரு பங்கைக்கூட இம்மாநிலம் விளைவிப்பதில்லை. குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா ஆகியவற்றிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பஞ்சு வருகிறது.

ஆலை பக்கத்தில் இருப்பதனால் விவசாயிக்கு மிச்சமாவது வண்டி வாடகை மட்டுமே. விலையைத் தீர்மானிப்பது தூரத்தைவிடக் காலம். மானாவாரிப் பருத்தி புரட்டாசியில் விதைக்கப்பட்டு, தை தொடங்கிப் பங்குனிவரை எடுக்கப்படுகிறது. எல்லாருடைய பருத்தியும் ஒரே சமயத்தில் சந்தைக்கு வருவதால் அப்போது விலை தணிகிறது. உரக்கடைப் பாக்கியும் எடுப்புக் கூலியும் அதே மாதங்களில் கழுத்தை நெரிக்கின்றன. 2022 மே மாதத்தில் 356 கிலோ எடையுள்ள ஒரு கண்டிப் பஞ்சின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது, நாட்டின் பருத்தியில் பெரும்பகுதி ஏற்கெனவே விவசாயிகளின் கையை விட்டுப் போயிருந்தது. உச்ச விலை இருந்தும் உழவர் வீட்டுக்கு அது வரவில்லை.

இதைச் சிறிய கணக்கொன்றால் விளக்கலாம். நூறு ரூபாய்ப் பருத்தியை நான்கு மாதம் விற்காமல் வைத்திருக்க விரும்பும் ஒருவர், அதுவரை குடும்பச் செலவுக்கு மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்குக் கடன் வாங்கினால், எட்டு ரூபாய் வட்டியாகப் போகிறது. ஆகவே விலை 108 ரூபாய்க்கு மேல் ஏறினால்தான் அவர் காத்திருந்ததில் பொருள் உண்டு. ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் வங்கிக் கடன் கிடைப்பவருக்கு அதே நான்கு மாதத்திற்கு ஆகும் செலவு இரண்டு ரூபாய் முப்பத்து மூன்று காசு. சேமிப்பின் செலவு என்று பொருளியலார் குறிப்பிடுவதில் கிடங்கு வாடகையும் எடை இழப்பும் சேரும் என்றாலும், அதில் பெரும்பங்கு பெரும்பாலும் வட்டியே. ஆலை தன் பஞ்சு இருப்பையே ஈடாகக் காட்டி வங்கியில் கடன் பெற்று, விலை தணிந்த மாதங்களில் வாங்கிக் குவிக்க முடிகிறது. ஒரே பஞ்சு, கிடங்கில் இருந்தால் அது ஈடு, திண்ணையில் இருந்தால் அது வெறும் மூட்டை.

ஆலைகளும் கவலையற்றவை அல்ல. 2021 வரவுசெலவுத் திட்டத்தில் பஞ்சு இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட 11 சதவீத வரியும், அது 2022-இலும் 2025-இலும் சில மாதங்களுக்கு நீக்கப்பட்டதும் அவற்றின் கணக்கைப் புரட்டிப் போட்டன. வரியை நீக்கினால் ஆலைக்கு ஆறுதல், உள்நாட்டு விவசாயிக்கு விலைச் சரிவின் அச்சம். விதித்தால் இது தலைகீழாகிறது. இரு தரப்பையும் ஒருங்கே கொண்ட இவ்வட்டாரத்தில் அந்த முரண்பாடு ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டுக்காரர்களின் வழக்காகவே இருக்கிறது.

பஞ்சுக்கு அடுத்து நூற்பாலையின் பெருஞ்செலவு மின்சாரம். 2008 முதல் 2015 வரை தமிழ்நாட்டில் மின் பற்றாக்குறை நீடித்து, பெரிய மின்நுகர்வோருக்குக் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில், சொந்தக் காற்றாலை வைத்திருந்த ஆலைகளுக்கும் டீசலை நம்பியவற்றுக்கும் இடையிலான வேறுபாடு பிழைப்புக்கும் மூடலுக்கும் இடையிலான வேறுபாடாகவே இருந்தது. மலைக் கணவாய்களின் வழியே மே முதல் செப்டம்பர்வரை பாயும் தென்மேற்குப் பருவக்காற்று ஆண்டின் மற்ற மாதங்களில் ஓய்ந்துவிடுகிறது. ஆலையின் கதிரோ பன்னிரண்டு மாதமும் சுழல வேண்டும். இந்த இடைவெளியை அடைத்தது மின் வங்கி முறை. காற்று மாதங்களில் உற்பத்தியான கூடுதல் யூனிட்டுகளை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, அதே நிதியாண்டுக்குள் வேண்டியபோது எடுத்துக்கொள்ளும் வசதி அது. இதற்காக யூனிட்டுகளில் ஒரு பங்கு கட்டணமாகக் கழிக்கப்பட்டது; மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அந்தக் கழிவை 2016-இல் 12 சதவீதமாகவும் 2018-இல் 14 சதவீதமாகவும் உயர்த்தியது.

இதில் கூர்ந்து நோக்கத்தக்க ஒன்று உண்டு. மின்சாரத்தை மூட்டை கட்டி வைக்க இயலாது. ஜூலையில் வாரியத்திற்குக் கிடைத்த யூனிட் அன்றே எரிந்துவிடும். பிப்ரவரியில் ஆலைக்குத் திருப்பித் தரப்படும் யூனிட்டை வாரியம் அப்போது புதிதாக உற்பத்தி செய்யவோ, வெளியிலிருந்து வாங்கவோ வேண்டும். மலிவான காலத்து யூனிட்டை வாங்கி விலைகூடிய காலத்து யூனிட்டைத் தருவதால் ஏற்படும் இழப்பு இறுதியில் மற்ற நுகர்வோரின் தலையில் விழுகிறது என்பது வாரியத்தின் வாதம். காற்று முதலீடே அந்த வசதியை நம்பித்தான் வந்தது, இடையில் விதியை மாற்றினால் கடனை அடைப்பது எப்படி என்பது ஆலைகளின் வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் காத்திருப்பதன் செலவை வேறொருவர் ஏற்றுக்கொண்டதனால்தான் காற்றாலை ஆலைக்கு இலாபமாயிற்று என்பதை மறுக்க முடியாது.

வரிச்சலுகையும் அதே வகை. காற்றாலை இயந்திரத்தின் மதிப்பில் 80 சதவீதத்தை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமானவரி விதி இடம் தந்தது. 2012-இல் விலக்கப்பட்டு, 2014-இல் மீண்டும் வந்த இச்சலுகை 2017 ஏப்ரல் முதல் 40 சதவீதமாகக் குறைந்தது. 80 சதவீத விதியின்படி பத்துக் கோடி ரூபாய்க் காற்றாலைக்கு எட்டுக் கோடி கழிவு என்றால், 30 சதவீத வரி செலுத்திய நிறுவனத்திற்கு முதல் ஆண்டிலேயே இரண்டு கோடியே நாற்பது லட்சம் மிஞ்சியது. இப்பயனைப் பெற முதலில் வரி கட்டும் அளவுக்கு இலாபம் இருக்க வேண்டும். விவசாயிக்கோ 1990 முதல் பம்ப்செட் மின்சாரம் முழுவதும் இலவசம். ஆனால் பயன்படுத்தாத யூனிட்டால் அவருக்கு வரவு எதுவும் இல்லாததால், நிலத்தடி நீரைக் குறைத்து இறைக்க அவருக்குப் பொருளியல் காரணமும் இல்லை. 2019-இல் மத்திய அரசு தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் ஒரு பிரிவு, மின்கட்டமைப்போடு இணைந்த பம்ப்செட்டில் சூரியத் தகடு பொருத்தி, இறைத்தது போக எஞ்சிய மின்சாரத்தை விற்க வழி செய்கிறது. ஆலைக்குக் காற்றில் கிடைத்த வாய்ப்பை உழவருக்கு வெயிலில் தரும் இந்த ஏற்பாடு, இலவச மின்சாரத்தைவிட நீரையும் வருமானத்தையும் நன்றாகக் காக்கும்.

பாலுக்கு வந்தால், காத்திருத்தல் என்பதே இயலாதது. கறந்த பால் சில மணி நேரத்தில் கெடும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைப் பொருளியல் கண்ணோடு பார்த்தால், அது பாலைக் காத்திருக்க வைக்கும் ஒரு தொழில்நுட்பம். பாலும் சர்க்கரையும் அகன்ற வாணலியில் விறகுத் தீயில் சுண்டச் சுண்ட நீர் ஆவியாகி, எடையும் குறைந்து, நாள்கணக்கில் தாங்கும் பண்டமாகிறது. கோவிலுக்கு வந்தவர் அதை ஊருக்கு எடுத்துச் செல்ல முடிகிறது. 2019-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓர் ஊரின் பெயரை அவ்வூரில் முறைப்படி செய்யப்பட்ட பொருளுக்கு மட்டும் உரியதாக்கும் இச்சட்டப் பாதுகாப்பு, பலர் சேர்ந்து ஈட்டிய நற்பெயரை ஓரிருவரின் கலப்படம் கெடுத்துவிடாமல் காப்பதற்கானது. ஆனால் இலாபப் பங்கீட்டைப் பற்றி அச்சட்டம் எதுவும் சொல்வதில்லை. பால் ஊற்றும் குடும்பத்திற்குக் கொழுப்பும் பிற சத்தும் அளந்து தரப்படும் விலை பால்கோவாவின் புகழோடு தானாக ஏறுவதில்லை. பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமே பால்கோவா செய்து விற்கும்போது மட்டும் அந்த இலாபம் உறுப்பினருக்குத் திரும்ப வழி உண்டு. குறியீட்டைவிடக் கூட்டுறவே இங்கு வலிய கருவி.

தறிக்கும் இது பொருந்தும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரத்தில் விசைத்தறிகள் மருத்துவமனைக் கட்டுத்துணியை நெய்கின்றன. பாவு ஓட்டுபவர், நெய்பவர், வெளுப்பவர், சுருட்டி வெட்டுபவர் எனத் தனித்தனிக் கைகள் ஒரே இடத்தில் கூடுவதால் செலவு குறைவதை, ஆங்கிலப் பொருளியலர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இலேயே தொழில் வட்டாரங்களின் பலமாகக் காட்டினார். நூலைப் பெற்றுக் கூலிக்கு நெய்பவருக்கு அப்பலத்தின் பயன் அரைகுறையாகவே சேர்கிறது: நூல் விலை ஏறினால் வேலை குறைகிறது, இறங்கினால் கூலி ஏறுவதில்லை. 2023-இல் விசைத்தறிகளுக்கான இலவச மின்சாரம் இரு மாதத்திற்கு 750-இலிருந்து 1,000 யூனிட்டாக உயர்த்தப்பட்டது உதவியே. ஆயினும் சொந்தமாக நூல் வாங்கிப் போட மூலதனம் இல்லாத வரையில் தறிக்காரர் கூலிக்காரராகவே இருப்பார். அதே ஆண்டு இம்மாவட்டத்து இ. குமாரலிங்கபுரத்திற்கு அறிவிக்கப்பட்ட 1,052 ஏக்கர் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காவையும் இக்கேள்வியை வைத்தே அளக்க வேண்டும்: அங்கே சிறு தறிக்காரருக்கு மூலதனம் கிடைக்குமா, வேலை மட்டும் கிடைக்குமா?

உழவரின் காத்திருப்புக்கு ஒரு வழி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ச் சென்னை மாகாணத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் உருவானதற்குப் பருத்தி வணிகத்தின் எடை மோசடியும் தரகும் முக்கியக் காரணங்கள். இன்று அக்கூடங்களின் கிடங்குகளில் விளைபொருளை வைத்து, அதன் மதிப்பில் முக்கால் பங்குவரை பொருளீட்டுக் கடனாகப் பெற்று, ஆறு மாதம்வரை விலைக்குக் காத்திருக்கலாம்; அந்த வட்டி கந்து வட்டியில் ஒரு சிறு பகுதியே. இவ்வசதி இருந்தும் முன்பணம் தந்த வியாபாரிக்கே மூட்டை போவதற்குக் காரணம், முன்பணம் விதைப்பின்போது வீட்டு வாசலுக்கு வருகிறது, பொருளீட்டுக் கடனோ அறுவடைக்குப் பின் அலுவலகத்திற்குப் போனால்தான் கிடைக்கிறது என்பதே. கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடனையும் விற்பனைக் கூடத்தின் பொருளீட்டுக் கடனையும் ஒரே கணக்காக இணைத்தால் இந்த முடிச்சு பெரும்பாலும் அவிழும். அது வரும்வரை, பங்குனியில் பருத்தியோ சோளமோ வீட்டில் குவித்து வைத்திருக்கும் குடும்பங்கள், வியாபாரியிடம் விலை பேசுவதற்கு முன்பு பக்கத்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கிடங்கு இடத்தையும் கடன் வட்டியையும் ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.