மெஷின் நிற்கிறதா, நின்றிருக்கிறதா?

டிப்ளமோ முடித்துவிட்டு ஜப்பான் கம்பெனி எதிலாவது சேரணும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. "இங்கிலீஷே தகராறு, இதிலே ஜப்பானிய மொழியா?" என்று தயங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு எதுவும் தமிழ் வழியாகத்தான் மண்டையில் ஏறும். ஜப்பானிய வினைச்சொல்லுக்கு அதுவே வசதி!

'தபெதெ இரு' என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இதைப் பார்த்து, 'தெ இரு' என்பது ஆங்கில 'இங்'தான் என்று முடிவு கட்டினால் வம்பு. 'கெக்கொன் ஷிதெ இரு' என்றால் இப்போது தாலி கட்டிக்கொண்டிருக்கிறார் என்றா அர்த்தம்? கல்யாணம் ஆகியிருக்கு, அவ்வளவுதான். 'தொமத்தெ இரு' என்றால் மெஷின் நின்றிருக்கிறது. நிற்கப் போகிறது என்பதல்ல. ஒர்க்‌ஷாப்பில் இது சின்ன வித்தியாசமா?

ஹருஹிகோ கிந்தாய்ச்சி என்ற மொழியறிஞர் 1950-இல் வினைகளை நாலு வகையாகப் பிரித்தார். சாப்பிடுவது, ஓடுவது போல நேரம் பிடிக்கிற வேலை என்றால், 'தெ இரு' அது நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும். நிற்பது, சாவது போல நொடியில் முடிவது என்றால், முடிந்த பின் உள்ள நிலையைச் சொல்லும். பொருள் 'இருக்கிறது' என்பதற்கான 'அரு' ஏற்கெனவே நிலைதான். அதற்கு 'தெ இரு' ஒட்டாது.

நாலாவது வகைதான் எனக்குப் பிடித்தது. மலை 'சொபியெதெ இரு', அதாவது ஓங்கி நிற்கிறது. யாரும் அதை ஓங்க வைக்கவில்லை. அது மலையின் குணம். 'மகத்த மிச்சி' என்றால் வளைந்த ரோடு. அந்த ரோடு என்றைக்கும் நேராக இருந்ததில்லை, ஆனாலும் சொல் இறந்தகாலம். நம் 'வளைந்த'வும் அப்படித்தானே!

(இரண்டு மொழியிலும் 'இரு' இருக்கிறதே என்று உறவு கொண்டாடக் கிளம்பாதீர்கள். சுசுமு ஓனோ அப்படி ஓர் உறவை நிறுவப் பார்த்தார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை.)

இன்னும் ஒன்று. 'ஐதெ இரு' என்றால் வால்வு திறந்திருக்கு. 'அகெதெ அரு' என்றால் யாரோ ஒரு காரணத்துக்காகத் திறந்து வெச்சிருக்காங்க. ரெண்டாவதைக் கேட்டால், எதுக்குன்னு விசாரிச்சுட்டுத்தான் அதில் கை வைக்கணும்.