பிரசவ அறையில் ஒரு தாள்

பினாங்கு பொது மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில், வலி எடுத்து வந்த தாய்க்கென்று ஒரு வரைபடத் தாள் உண்டு. பெயர் பார்ட்டோகிராம். பிரசவம் முன்னேறுகிறதா, தடைபட்டு நிற்கிறதா என்று தாதிக்கு ஒரே பார்வையில் காட்டுவது இதுதான்.

தாளின் குறுக்கே மணிக்கணக்கு, பக்கவாட்டில் சென்டிமீட்டர். கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பொதுவாக 4 மணி நேரத்துக்கு ஒருமுறை சோதித்துக் குறி இடுவார்கள். 10 சென்டிமீட்டர் என்றால் முழுத் திறப்பு. மேலே குழந்தையின் இதயத்துடிப்பு. கீழே 10 நிமிடத்தில் எத்தனை முறை வலி வந்தது என்ற கணக்கு.

1954இல் அமெரிக்க மருத்துவர் இமானுவேல் ஃப்ரீட்மன் கர்ப்பப்பை வாய் திறக்கும் வேகத்தைக் கோடாக வரைந்து காட்டினார். 1972இல் ரொடீசியாவில் பில்பாட், காசில் என்ற இரு மருத்துவர்கள் இரண்டு சாய்கோடுகளைச் சேர்த்தார்கள். தாயின் குறி முதல் கோட்டைத் தாண்டினால், சிறிய கிளினிக்கில் இருப்பவரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். 4 மணி நேரம் தள்ளியுள்ள இரண்டாவதைத் தொட்டால், அடுத்து என்ன என்று மருத்துவர் முடிவெடுத்தாக வேண்டும்.

இந்தத் தாளின் பலனை உறுதிசெய்ததில் மலேசியாவுக்கும் பங்குண்டு. உலக சுகாதார நிறுவனம் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து மருத்துவமனைகளில் 35,484 தாய்மார்களிடம் நடத்திய ஆய்வு 1994இல் வெளியானது. தாளைப் பயன்படுத்தத் தொடங்கியபின், 18 மணி நேரத்துக்கு மேல் இழுத்த பிரசவங்கள் 6.4 விழுக்காட்டிலிருந்து 3.4 ஆகக் குறைந்தன. வலியைக் கூட்ட மருந்து ஏற்றுவது 20.7இலிருந்து 9.1 ஆனது.

தாளைத் தவிர, வயிற்றில் பட்டை கட்டிக் குழந்தையின் இதயத்துடிப்பைப் பதியும் சிடிஜி கருவியும் உண்டு; அது ஆபத்து அதிகமுள்ள பிரசவங்களுக்குத் தேவைதான். சிக்கலில்லாத பிரசவத்தில் அதை விடாமல் ஓட்டுவதால் குழந்தை இறப்பு குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை, சிசேரியன்தான் கூடுகிறது.

கர்ப்பப்பை வாய் மணிக்கு 1 சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்ற பழைய கணக்கு எல்லாத் தாய்க்கும் பொருந்தாது என்பதால், 2020இல் உலக சுகாதார நிறுவனம் புதிய தாளை வெளியிட்டது. அதில் பிரசவத்தின் தீவிரக் கட்டம் 5 சென்டிமீட்டரில் தொடங்குகிறது. துணைக்கு ஆள் இருக்கிறாரா, தாய் தண்ணீர் குடித்தாரா என்பதையும் எழுத வேண்டும்.

ஆனால் வேலை முடிந்தபின் மொத்தமாக நிரப்பும் தாள் யாரையும் காப்பாற்றாது. அந்தந்த நேரத்தில் எழுதத் தாதிகள் போதுமான அளவில் வேண்டும். உடன் இருப்பவர்களும் தயங்காமல் கேளுங்கள்: "எத்தனை சென்டிமீட்டர், மிஸ்ஸி? குழந்தையின் துடிப்பு எப்படி? அடுத்து எப்போது பார்ப்பீர்கள்?"