எல்லாப் பருவத்துக்கும் ஒரே டயர்

புதுக் காரில் எந்த டயர் வரும் என்பதைக் கார் நிறுவனமும் டயர் நிறுவனமும், அந்தக் கார் சாலைக்கு வருவதற்கு வெகு முன்பே பேசி முடித்துவிடுகின்றன. எரிபொருள் சோதனையில் நல்ல எண் வர வேண்டும். ஓட்டும்போது உள்ளே இரைச்சல் கேட்கக் கூடாது. விற்பனை நிலையத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பவருக்கு மெத்தென்று இருக்க வேண்டும். விலையும் கட்டுப்படியாக வேண்டும். இத்தனைக்கும் இடம் கொடுத்த பிறகு எஞ்சுகிற பிடிப்புதான் வாங்குபவருக்குக் கிடைக்கிறது. கடையில் அதே பெயரில் விற்கும் டயரும் காரோடு வரும் டயரும் கலவையில் வேறுபடுவதுண்டு. போர்ஷே தனக்கென்று செய்யப்பட்ட டயரின் பக்கச்சுவரில் ‘என்’ என்ற எழுத்தையும், பிஎம்டபிள்யூ ஒரு நட்சத்திரத்தையும் பொறிக்கச் செய்வது அதனால்தான்.

இதற்கு நல்ல உதாரணம், டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கி 2012-இல் விற்பனைக்கு வந்த சிறு ஸ்போர்ட்ஸ் கார். டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் என்று இரு பெயர்களில் வந்தது. அமெரிக்காவில் தொடக்கத்தில் டொயோட்டாவின் பங்கு சயான் எஃப்ஆர்-எஸ் என்ற பெயரில் விற்றது. 2 லிட்டர் எஞ்சின், 200 குதிரைத்திறன், பின்சக்கர ஓட்டம், சுமார் 1,250 கிலோ எடை. அதில் பூட்டப்பட்டிருந்தது 215/45 ஆர் 17 அளவுள்ள மிஷெலின் பிரைமசி ஹெச்பி என்ற சாதுவான பயண டயர். கார்ப் பிரியர்கள், டொயோட்டாவின் எரிபொருள் சிக்கனக் காரின் பெயரால், அதைப் ‘பிரியஸ் டயர்’ என்று கேலி செய்தார்கள். ஆனால் வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றேதான் அதைத் தேர்ந்தார்கள். பிடிப்பு குறைவாக இருந்தால் மிதமான வேகத்திலேயே காரின் வால் நழுவும். ஓட்டுநர் அந்த நழுவலோடு விளையாடலாம். 2022 மாடலில் வந்த அடுத்த தலைமுறைக் காருக்கும் அமெரிக்காவில் அடிப்படை வகையில் அதே பிரைமசிதான்; விலை கூடிய வகைக்கு 18 அங்குல ரிம்மில் பைலட் ஸ்போர்ட் 4.

இரண்டும் கோடைக்கால டயர்கள். ஒஹையோவிலோ பென்சில்வேனியாவிலோ இந்தக் காரை ஆண்டு முழுதும் ஓட்டுபவருக்குச் சிக்கல் அங்கேதான். பிரைமசி, கோடையில் காரின் திறமைக்குக் குறைவாகப் பிடிக்கிறது. குளிரில் அந்தப் பிடிப்பையும் கைவிடுகிறது. குளிர்காலத்துக்கென்று தனி ரிம்மும் தனி டயரும் வாங்கி, ஆண்டுக்கு இருமுறை மாற்றுவதே சிறந்த வழி. அதற்கு இடமோ பணமோ மனமோ இல்லாதவர்கள் போய் நிற்பது உயர்திறன் ஆல்-சீசன் டயரிடம்.

ஆல்-சீசன் என்ற சொல்லுக்கு ஸ்போர்ட்ஸ் கார் வட்டாரத்தில் நெடுங்காலம் மதிப்பில்லை. 1977-இல் குட்இயர் டியெம்போ என்ற ஆல்-சீசன் ரேடியலைக் கொண்டுவந்தது முதல், அது குடும்பக் காரின் டயராகவே இருந்தது: கெட்டியான ரப்பர், நீண்ட ஆயுள், வளைவில் அலறல். அந்தப் பெயரை மாற்றியது ரப்பரின் வேதியியல்.

அதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கு உதவும். 1,250 கிலோ நான்கு சக்கரத்துக்குப் பிரிந்தால், ஒவ்வொன்றின் மேலும் 312 கிலோ. 35 பிஎஸ்ஐ காற்றழுத்தம் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிலோ. ஆக, ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 125 சதுர சென்டிமீட்டர். சதுரமாக வெட்டினால் பக்கத்துக்கு 11 சென்டிமீட்டர். எஞ்சினின் இழுப்பும் பிரேக்கின் பிடியும் ஸ்டியரிங்கின் கட்டளையும் இந்த நான்கு துண்டு ரப்பர் வழியாகத்தான் சாலைக்குப் போய்ச் சேர வேண்டும்.

இந்த டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.96 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்கு 14 முறை சுழலும். ஒவ்வொரு சுழற்சியிலும் தரையைத் தொடும் இடம் நசுங்கி, மீண்டும் நிமிர்கிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதும் திரும்பி வருவதில்லை; ஒரு பகுதி வெப்பமாகிறது. இந்த இழப்பு கூடினால் பெட்ரோல் வீணாகும். ஆனால் பிடிப்பு பிறப்பதும் இதே இழப்பில்தான். பிரேக் போடும்போதும் வளைவில் திரும்பும்போதும் ரப்பர் தார்ச்சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் விநாடிக்குப் பல்லாயிரம் முறை அதிர்கிறது. அந்த அதிர்வில் ஆற்றலை விழுங்கும் ரப்பரே சாலையை விடாமல் பற்றும். மெதுவான அசைவில் இழப்பு வேண்டாம், வேகமான அதிர்வில் வேண்டும் என்பதுதான் டயர்காரர்களின் முரண்.

ரப்பருக்கு ஒரு வினோத குணம் உண்டு: வேகமாக அதிரச் செய்வதும் குளிரவைப்பதும் அதற்கு ஒன்றே. அதனால் ஆய்வகத்தில் 60 டிகிரி செல்சியஸில் அளக்கும் இழப்பை உருளும் தடைக்கும், 0 டிகிரியில் அளப்பதை ஈரச்சாலைப் பிடிப்புக்கும் அடையாளமாகக் கொள்கிறார்கள். கார்பன் பிளாக் மட்டும் கலந்த காலத்தில் ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறைந்தது. 1990-களின் தொடக்கத்தில் மிஷெலின், கார்பன் பிளாக்குக்குப் பதில் பெருமளவு சிலிக்காவை இட்டு, அதை ரப்பரோடு பிணைக்க சிலேன் என்ற சேர்மத்தையும் சேர்த்தது. 60-இல் இழப்பு குறைந்தது; 0-இல் குறையவில்லை. இன்றைய உயர்திறன் ஆல்-சீசன் டயர் நிற்பது இந்த அடித்தளத்தில்.

கோடை டயரும் ஆல்-சீசன் டயரும் பிரியும் இடம் வெப்பநிலை. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவது போலச் சட்டென்று அல்லாமல், ரப்பர் மெல்ல மெல்ல விறைக்கிறது. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கியதும் கோடைக் கலவை பிடிப்பை இழக்கிறது. −7 டிகிரி அளவில் அதை வளைத்தால் வெடிப்பு விழலாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். பனியே இல்லாத உலர்ந்த சாலையிலும் இது பொருந்தும். பனி விழுந்தால்தான் டயரைப் பற்றி யோசிக்க வேண்டும் என்ற பரவலான நம்பிக்கை இங்கே அடிபடுகிறது. ஆல்-சீசன் கலவை அந்தக் குளிரிலும் நெகிழ்ந்து இருக்கும்படி செய்யப்பட்டது. அதற்கு விலையாகக் கொளுத்தும் கோடையில் உச்சப் பிடிப்பில் சிறிது விட்டுக்கொடுக்கிறது.

கலவைக்கு அடுத்தது பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள். டயர்ப் பட்டன்களுக்கு நடுவே ஓடும் அகன்ற வாய்க்கால்கள் மழைநீரை வெளியேற்றும் என்பது தெரிந்ததே. கவனிக்க வேண்டியவை ஒவ்வொரு பட்டனிலும் கத்தியால் கீறியது போல இருக்கும் மெல்லிய வெட்டுகள். ‘சைப்’ என்று அவற்றுக்குப் பெயர். 1920-களில் இதற்குக் காப்புரிமை பெற்ற அமெரிக்கர் ஜான் சைப்பின் பெயரே நிலைத்துவிட்டது. இறைச்சிக் கூடத்தின் ஈரத் தரையில் வழுக்காமலிருக்கத் தம் காலணியின் ரப்பர் அடிப்பாகத்தைக் கீறிக்கொண்டார், அதிலிருந்து பிறந்தது இந்த யோசனை என்பது வழங்கிவரும் கதை.

சைப் ஒவ்வொன்றும் ஒரு விளிம்பு. பட்டன் தரையைத் தொடும்போது அது லேசாக விரிந்து பனியைக் கடிக்கிறது. நீர்ப் படலத்தைத் துடைத்துத் தள்ளுகிறது. ஆகவே குளிர்கால டயரில் சைப்புகள் நெருக்கமாக இருக்கும். ஆனால் கீறிய பட்டன் பலவீனமான பட்டன். உலர்ந்த சாலையில் வேகமாகத் திரும்பும்போது கீறப்பட்ட துண்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே சாயும். ஸ்டியரிங் சொன்னது சக்கரத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேரும். ரப்பர் சூடேறி உதிரும். ஸ்போர்ட்ஸ் காரின் உயிர் அந்தத் தாமதமின்மையில் இருப்பதால், இதை ஏற்க முடியாது. தீர்வு சைப்பின் உட்புறத்தில் ஒளிந்திருக்கிறது. மேலே பார்த்தால் ஒரு கோடுதான்; உள்ளே அதன் சுவர்கள் நெளிநெளியாக, மேடும் குழியுமாகப் போகின்றன. பட்டன் சாய முற்பட்டதும் ஒரு சுவரின் மேடு எதிர்ச்சுவரின் குழியில் போய் உட்கார்ந்து பூட்டிக்கொள்கிறது. கீறிய துண்டுகள் ஒரே கட்டியாக நிற்கின்றன. நேராக ஓடுகையில் பூட்டு தளர்ந்து விளிம்புகள் மீண்டும் வேலைக்கு வருகின்றன. அச்சுக்குள் நெளிந்த உலோகத் தகடுகளைப் பதித்து, டயர் வெந்தபின் அவற்றை ரப்பரைக் கிழிக்காமல் உருவி எடுக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத ஓர் இடுக்கில் செலவிடப்பட்ட இத்தனை மூளையை, டயரை விலை பார்த்து மட்டும் வாங்கும் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வாங்குபவர் படிக்க வேண்டியவை பக்கச்சுவரில் இருக்கின்றன. அமெரிக்கச் சட்டப்படி தேய்மானம், பிடிப்பு, வெப்பம் ஆகிய மூன்று தரக்குறிகள் இருக்கும். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4-இல் 540, ஏஏ, ஏ என்று காணலாம். இதில் 540 என்பது தேய்மான எண். மேற்கு டெக்சாஸில் சான் ஏஞ்சலோ நகரைச் சுற்றி 640 கிலோமீட்டர் நீளமுள்ள பொதுச்சாலைச் சுற்று ஒன்று உண்டு. சோதனை டயர் பூட்டிய கார்களும் ஒப்பீட்டு டயர் பூட்டிய காரும் ஒன்றன்பின் ஒன்றாக அதில் 11,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றன. ஒப்பீட்டு டயரின் தேய்மானத்தோடு அளந்து, மீதி ஆயுளைக் கணக்கிட்டு எண் தருகிறார்கள். எண்ணை இடுவது அரசு அல்ல, தயாரிப்பாளர். அதனால் ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட இது உதவும். வேறு வேறு நிறுவனங்களை ஒப்பிட்டால் ஏமாற்றும். ‘ஏஏ’ என்பதும் ஈரச்சாலையில் நேராகப் பிரேக் போடுவதை மட்டுமே அளக்கிறது. வளைவைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

குளிருக்கான குறிகள் இரண்டு. ‘எம்+எஸ்’ என்பது பட்டன் வடிவத்தைப் பார்த்து இடப்படுவது; அதற்குச் சோதனை இல்லை. மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னத்துக்குச் சோதனை உண்டு: ஓரளவு இறுகிய பனியில் முன்னோக்கி இழுக்கும் திறன் ஒப்பீட்டு டயரைவிட 10 விழுக்காடாவது கூடியிருக்க வேண்டும். பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4-க்கு இந்தச் சின்னம் உண்டு. கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இந்தச் சின்னமோ ஆணிகளோ உள்ள டயர் கட்டாயம் என்பதால், அங்கே இது சட்டத் தேவையும்கூட. ஆனால் அந்தச் சோதனை பனிக்கட்டியில் நிற்பதை அளப்பதில்லை. சின்னத்தை நம்பிக் கண்ணாடிபோல் உறைந்த சாலையில் இறங்குபவருக்கு அந்த வேறுபாடு முதல் சந்திப்பிலேயே விளங்கும்.

அளவு விஷயத்தில் அடக்கம் நல்லது. 86-இன் டயரில் 215 என்பது மில்லிமீட்டரில் அகலம், 45 என்பது அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் விழுக்காடு, 17 ரிம்மின் அங்குலம். இதே ரிம்மில் 225/45 பூட்டலாம். சுற்றளவு ஏறத்தாழ 1.4 விழுக்காடு கூடும், வேகமானி 100 காட்டும்போது உண்மையில் 101.4. 86-இன் டயரில் அளவுக்குப் பின் வரும் 87 என்ற எண் ஒரு டயர் 545 கிலோ தாங்கும் என்பதையும், ‘டபிள்யூ’ 270 கிலோமீட்டர் வேகத்தையும் குறிக்கும். இவ்விரண்டும் குறையக் கூடாது. நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். முன்னால் ஆல்-சீசன், பின்னால் கோடை டயர் என்று கலந்தால், குளிர்ந்த காலை ஒன்றில் பின்பாகம் முந்திக்கொண்டு வரும்.

பூட்டும்போது பேலன்சிங்கோடு நான்கு சக்கர அலைன்மென்ட்டும் பார்ப்பது அவசியம். கோணம் பிசகிய காரில் எந்த டயரும் ஓரத்தில் மொட்டையாகும். பக்கச்சுவரில் ‘வெளிப்புறம்’ என்று பொறித்த பக்கம் வெளியே இருக்கிறதா என்று உரிமையாளரே ஒருமுறை குனிந்து பார்ப்பது நல்லது. முதல் 800 கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டும்.

ஓட்டத்தில் தெரியும் மாற்றத்தை மிகைப்படுத்த வேண்டியதில்லை. மழையில் பிரேக் நம்பிக்கை கூடும். குளிரில் கார் பழக்கமான காராகவே இருக்கும். வளைவில் கூடுதல் வேகம் தாங்கும். கூடவே, அந்த மிதமான வேக நழுவல் தள்ளிப்போகும். 200 குதிரைத்திறன் இனி அதை எளிதில் கொண்டுவராது. இதைச் சொல்லாமல் விற்கும் கடைக்காரர் பாதியைத்தான் விற்கிறார். பந்தயத் தடத்தில் அடிக்கடி ஓட்டுபவருக்கும் இது உகந்ததல்ல. தொடர்ந்து சூடேறினால் பட்டன் ஓரங்கள் பிய்ந்து போகும்.

இத்தனை செலவுக்குப் பின் காற்றை மறந்துவிடுவதுதான் வருத்தம் தருவது. வெப்பநிலை 5.5 டிகிரி இறங்கினால் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். செப்டம்பரில் 25 டிகிரியில் 35 அடித்த டயர், ஜனவரியில் −10 டிகிரியில் 29-இல் நிற்கும். அமெரிக்காவில் 2007 முதல் புதுக் கார்களுக்குக் கட்டாயமான எச்சரிக்கை விளக்கோ, அழுத்தம் 25 விழுக்காடு குறைந்தால்தான் எரிய வேண்டும். 35-க்கு அது 26. அதாவது குளிர்காலம் முழுக்கக் குறைந்த காற்றில் ஓடியும் விளக்கு வாயே திறக்காது. புகைக்குழாயின் ஓசையை மாற்ற ஆயிரம் டாலர் செலவிடுபவர், பத்து டாலர் அழுத்தமானியை வாங்கி மாதம் ஒருமுறை காலையில், டயர் சூடேறும் முன், பார்க்க மறுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

தேய்மானத்தைக் கண்டறிய கான்டினென்டல் நல்ல உபாயம் வைத்திருக்கிறது. அதன் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் டிடபிள்யூஎஸ் வரிசை டயர்களின் பட்டனில் டி, டபிள்யூ, எஸ் என்ற மூன்று எழுத்துகள் இருக்கும். உலர்தரை, ஈரம், பனி என்பவற்றின் முதலெழுத்துகள். தேயத் தேய முதலில் ‘எஸ்’ அழியும்: பனிக்கு இனி உதவாது. பிறகு ‘டபிள்யூ’. மற்ற டயர்களில் ஆழமானியால்தான் பார்க்க வேண்டும். சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கும் அமெரிக்க மாநிலங்கள் பல. ஆனால் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கிய ஆல்-சீசன் டயர் பனிக்காலத்துக்கு வெறும் கோடை டயர்தான். ஆகவே மாற்றும் மாதம் அக்டோபர். ஏப்ரல் வரை இழுத்தடிப்பவர், பட்டன் மிகத் தேவைப்படும் குளிர்காலத்தை அது இல்லாமலே கடக்கிறார்.