நஷ்டத்தில் முளைத்த காடு

இங்கிலாந்தின் மேற்கு சஸெக்ஸில் உள்ள நெப் பண்ணை, கனத்த களிமண் பூமி. குளிர்கால மழையில் டிராக்டர் புதையும்; கோடையில் மண் கல்லாக இறுகும். 1987-இல் இந்த 3,500 ஏக்கரும் தாத்தா பாட்டியிடமிருந்து சார்லி பர்ரலின் கைக்கு வந்தன. அப்போது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர், வேளாண் கல்லூரியில் படித்தவர்.

படித்ததையெல்லாம் செய்து பார்த்தார். புது இயந்திரம், உரம், அதிகப் பால் தரும் மாடுகள், சொந்தமாக ஐஸ்கிரீம் வியாபாரம். விளைச்சல் கூடியும் கடன் குறையவில்லை. 2000-இல் பால் மாடுகளையும் இயந்திரங்களையும் விற்றார்.

அதற்குச் சற்று முன்னர்தான், ஓக் மரங்களைப் பார்க்க வந்த மர நிபுணர் டெட் கிரீன், வேரடி மண்ணை உழுது உழுதே அவற்றைச் சாகடிக்கிறீர்கள் என்று எடுத்துச் சொல்லியிருந்தார். பர்ரல் கேட்டுக்கொண்டார். அவர் வாழ்க்கையின் திருப்பம் அதுதான்.

2001 முதல் அரசு மானியத்தோடு படிப்படியாக உழவு நின்றது. பெரிய விலங்குகள் மேய்ந்தும் கிளறியுமே நிலத்தை உருவாக்குகின்றன என்ற டச்சு அறிவியலாளர் பிரான்ஸ் வெராவின் கருத்தைப் பின்பற்றி, லாங்ஹார்ன் மாடுகள், எக்ஸ்மூர் குதிரைகள், டாம்வொர்த் பன்றிகள், மான்கள் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டார். வயல்களில் களையும் முள்ளும் மண்டின. அக்கம்பக்கத்து விவசாயிகள் கொதித்துப்போனார்கள். நல்ல நிலத்தைப் பாழாக்குகிறான் என்ற அவர்கள் கோபத்தில் நியாயமும் உண்டு. உழுது உண்பவனுக்குத் தரிசு கண்ணை உறுத்தத்தான் செய்யும்.

ஆனால் அந்தப் புதர்களுக்குள்தான் நைட்டிங்கேல்கள் கூடு கட்டின. நாடெங்கும் அருகிவரும் டர்ட்டில் புறாக்கள் வந்தன. வில்லோ புதர் பெருகியதும், அதை நம்பி வாழும் அரிய பர்ப்பிள் எம்பரர் பட்டாம்பூச்சியும் பெருகியது. 2020-இல் செங்கால் நாரைகள் குஞ்சு பொரித்தன. பிரிட்டனில் அதற்கு முன் அவை கூடு கட்டியதாகக் கிடைக்கும் பதிவு 1416-ஆம் ஆண்டுக்கு உரியது.

வருமானமும் வந்தது. வேட்டையாடும் விலங்குகள் இல்லாததால் மந்தையை மனிதர்தான் குறைத்தாக வேண்டும். அந்த இறைச்சி விற்பனையாகிறது. பழைய பண்ணைக் கட்டடங்கள் வாடகைக்குப் போயின. சஃபாரிக்கும் கூடார முகாமுக்கும் மக்கள் வருகிறார்கள். பர்ரலின் மனைவி இசபெல்லா ட்ரீ 2018-இல் எழுதிய 'வைல்டிங்' நூல் பண்ணையின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது.

3,500 ஏக்கரும் மானியமும் இல்லாத சிறு விவசாயி இந்தச் சோதனையில் இறங்கியிருக்க முடியாது. அந்த வசதி இருந்தும் களிமண்ணை விற்றுவிட்டுப் போகாமல் அதோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் பொறுமை காத்ததே பர்ரலின் உண்மையான சாதனை.